1200 ஆங்கிலச் சொற்கள் மனப்பாடம், ஆனால் கேள்வியில் வந்தால் திகைத்துப் போகிறேன்

தென்கரைப் பெண்:

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். பிறகு அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம். இப்போது மத்திய அரசு வேலைக்குப் பட்டதாரிகள் எழுதுகிற எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்குத் தயாராகிறேன். கணக்கிலும் ரீசனிங்கிலும் பயமில்லை. ஆங்கிலத்தில்தான் ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் சறுக்குகிறேன். முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண். அதை விட்டுவிட்டு மேலே போக முடியாது.

நான் போகும் பயிற்சி மையத்தில் தினமும் 20 சொல் தருகிறார்கள். நோட்டில் இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ். மறுநாள் ஒப்பிக்க வேண்டும். இரண்டு மாதத்தில் 1200 சொல் ஆகிவிட்டது. நோட்டைத் திறந்தால் எல்லாம் தெரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கேள்வி வந்தது. பஞ்சத்தில் அடிபட்ட ஊரில் குழந்தைகள் எந்த நிலையில் கிடந்தார்கள் என்று ஒரு வாக்கியம், நடுவில் கோடிட்ட இடம். கீழே நான்கு விடைகள்: ஸ்லெண்டர், ஸ்லிம், லீன், எமேசியேட்டட். நான்கும் என் நோட்டில் இருக்கின்றன. நான்குக்கும் எதிரே நான் எழுதியிருப்பது 'மெலிந்த'. ஸ்லெண்டர் என்று போட்டேன். வர வேண்டிய 2 மதிப்பெண்ணும் போய், மேலே அரை மதிப்பெண்ணும் கழிந்தது.

இன்னொன்று, முதல் மாதம் படித்த சொற்களில் பாதிக்கு மேல் இப்போது நினைவில் இல்லை. ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து எழுதியவை அவை. எங்கே தவறு செய்கிறேன் என்று யாராவது சொல்லுங்கள். ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கு மட்டும்தான் இது கைகூடுமா?

இரண்டாம் முயற்சி:

தோழி, நானும் இதே தேர்வுதான். போன முறை ஆங்கிலத்தில்தான் கோட்டை விட்டேன், அதனால் சொல்கிறேன். தேர்வு எப்போது என்று பாருங்கள். இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால் பட்டியலை விடாதீர்கள். முந்தைய ஆண்டு வினாத்தாள்களை எடுத்து அதில் வந்த சொற்களை மட்டும் படியுங்கள். பழைய சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மொழியை ரசிப்பதற்கெல்லாம் வேலைக்குப் போன பிறகு நேரம் இருக்கிறது.

கரும்பலகை:

அம்மா, 31 வருடம் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன் நான். உங்கள் நோட்டின் ஆங்கிலப் பக்கத்தில் குறையில்லை. தமிழ்ப் பக்கத்தைத்தான் திருத்த வேண்டும்.

உங்கள் தெருவில் ஒருவர் ஒல்லியாக இருக்கிறார் என்று வையுங்கள். தெருவில் எல்லோரும் அவரை 'மெலிந்தவர்' என்றா சொல்வார்கள்? பிடித்தவர்கள் ஒடிசலான உடம்பு என்பார்கள். உடற்பயிற்சி செய்து இளைத்திருந்தால் சிக்கென்று இருக்கிறார் என்பார்கள். சோறு இறங்காத பிள்ளை நோஞ்சான். ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தவரைப் பார்த்துவிட்டு வந்தால் 'எலும்பும் தோலுமாகக் கிடக்கிறார்' என்று கண்கலங்கச் சொல்வோம். இப்போது நீங்கள் எழுதிய நான்கு சொற்களையும் எடுங்கள். ஸ்லெண்டர் என்பது ஒடிசல், பார்க்க அழகான மெலிவு. ஸ்லிம் என்பது சிக்கென்று இருப்பது. லீன் என்றால் கொழுப்பில்லாத, கட்டான உடம்பு. இறைச்சிக்கும் அந்தச் சொல்லைத்தான் போடுவார்கள். எமேசியேட்டட் என்றால் எலும்பும் தோலும். பஞ்சத்தில் கிடக்கிற குழந்தையை ஒடிசலான குழந்தை என்று யாராவது சொல்வோமா? உங்களுக்கு விடை ஏற்கெனவே தெரியும். 'மெலிந்த' என்று எழுதியதால் அது மறைந்துவிட்டது.

நம்மில் பலர் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே பாடப்புத்தகத் தமிழை எழுதுகிறோம். அது எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும். வீட்டில் பேசுகிற தமிழை எழுதுங்கள். என் வகுப்பில் எழுதிப் போட்ட சில:

ஆப்சீக்வியஸ்: கூழைக்கும்பிடு போடுகிற.
கஜோல்: தாஜா செய்து காரியம் சாதிப்பது.
லாக்கடெய்சிக்கல்: ஏனோதானோ என்று.
காருலஸ்: தொணதொணவென்று பேசுகிற.
கர்ட்: வெடுக்கென்று பதில் சொல்கிற.

'ஆப்சீக்வியஸ்' என்பதற்கு ஒரு கையேட்டில் 'பணிவான' என்று போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பணிவு நல்ல குணம். கூழைக்கும்பிடு அப்படியில்லை. ஒரு மாணவன் தன் தலைமையாசிரியரைப் பாராட்டுவதாக நினைத்து அந்தச் சொல்லைக் கட்டுரையில் எழுதிக்கொண்டு வந்தான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, கையேட்டின் மேல்தான் வந்தது.

தென்கரைப் பெண்:

ஐயா, 'வெடுக்கென்று' என்று படித்ததும் எங்கள் பெரியம்மா முகம் வந்துவிட்டது. இனி அந்தச் சொல் மறக்காது. ஆனால் எல்லாச் சொல்லுக்கும் இப்படி வீட்டுச் சொல் கிடைக்குமா?

இரண்டாம் முயற்சி:

அதையேதான் நானும் கேட்கிறேன். ஐயா சொல்வது குணம், உடம்பு, பேச்சு பற்றிய சொற்களுக்குச் சரி. 'ஒரு சொல்லில் கூறுக' வகைக் கேள்விகளுக்கு என்ன செய்வது? அரசனைக் கொல்வது ரெஜிசைட், தந்தையைக் கொல்வது பாட்ரிசைட், தாயைக் கொல்வது மாட்ரிசைட், குழந்தையைக் கொல்வது இன்ஃபாண்டிசைட். இதற்கெல்லாம் எந்த வீட்டில் சொல் இருக்கிறது? மனப்பாடம்தான் ஒரே வழி.

நம் முன்னோரும் மனப்பாடம்தானே செய்தார்கள்? திண்ணைப் பள்ளியில் நிகண்டு ஒப்பித்துத்தான் தமிழ் படித்தார்கள்.

வேர் தேடி:

தோழர் சொன்ன நான்கையும் பாருங்கள். நான்கிலும் வால் ஒன்றுதான். 'சைட்' என்பது லத்தீனில் கொல்லுதல் என்ற வினையிலிருந்து வந்தது. ரெக்ஸ் அரசன், பாட்டர் தந்தை, மாட்டர் தாய். நான்கு சொல்லை ஒப்பிப்பதற்குப் பதில் ஒரு வாலையும் தலைகளையும் தெரிந்துகொண்டால் போதும். பூச்சியைக் கொல்கிற இன்செக்டிசைட், பூச்சியோ எலியோ கேடு செய்கிற எதையும் கொல்கிற பெஸ்டிசைட் என்று வயலில் அடிக்கிற மருந்து வரை அந்த வால் வருகிறது. இன அழிப்பைக் குறிக்கிற 'ஜெனசைட்' என்ற சொல்லை 1944இல் ராஃபேல் லெம்கின் என்ற சட்ட அறிஞர் இதே முறையில்தான் கட்டினார். கிரேக்கத் தலை, லத்தீன் வால்.

பேசுதல் என்று பொருள்படும் லத்தீன் வேர் ஒன்று இருக்கிறது, 'லோக்வி'. அதைப் பிடித்தால் கொத்தாக வரும். லொக்வேஷியஸ், ஓயாமல் பேசுகிற. எலக்வென்ட், மனதைத் தொடும்படி பேசுகிற. சொலிலக்வி, நாடகத்தில் தனக்குத்தானே பேசுவது. சர்க்கம்லொக்யூஷன், நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்துப் பேசுவது. பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு வாய் அசையாமல் பேசுகிறாரே, அவர் வென்ட்ரிலக்விஸ்ட். வென்டர் என்றால் வயிறு, வயிற்றிலிருந்து பேசுகிறவர்.

எனக்கு மிகப் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கையில் காசில்லாதவரை ஆங்கிலத்தில் 'இம்பெக்யூனியஸ்' என்பார்கள். பணம் சார்ந்தது 'பெக்யூனியரி'. லத்தீனில் 'பெகூனியா' என்றால் பணம். அது 'பெகூஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. பெகூஸ் என்றால் கால்நடை. மாடு வைத்திருந்தவன்தான் பணக்காரன். இப்போது குறள் 400ஐ நினைத்துப் பாருங்கள். 'மாடல்ல மற்றை யவை' என்று முடிகிறது. அங்கே மாடு என்றால் செல்வம். ரோமிலும் இங்கேயும் மக்கள் ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து இம்பெக்யூனியஸ் என்ற சொல்லை நான் மறந்ததே இல்லை.

நோட்டரி வாசல்:

வேர் நல்ல வழிதான், ஆனால் முழுக்க நம்பி இறங்கினால் காலை வாரிவிடும். நான் 18 வருடமாக நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்க்கிறேன். விழுந்து எழுந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

'எனர்வேட்' என்ற சொல்லைப் பார்த்தால் எனர்ஜி மாதிரி இருக்கிறது. தெம்பூட்டுவது என்று தோன்றும். பொருள் நேர் எதிர். நரம்பை உருவி எடுத்ததுபோல் தளர வைப்பது. 'நாய்சம்' என்ற சொல்லில் நாய்ஸ் இருக்கிறது, சத்தம் போடுவது என்று நினைப்போம். அதற்கும் சத்தத்துக்கும் தொடர்பில்லை. தொல்லை என்ற பொருளுள்ள 'அனாய்' என்ற சொல்லின் உறவு அது. குமட்டுகிற நாற்றத்துக்குத்தான் பெரும்பாலும் வரும். 'அவுட்ரேஜ்' என்றால் அவுட் சேர்த்து ரேஜ் இல்லை. எல்லை கடந்தது என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இவையெல்லாம் தேர்வில் கேட்பதற்கென்றே பிறந்த சொற்கள்.

பெட்ரோல் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இன்' என்று தொடங்கினால் இல்லை என்று பொருள் என்று வேர்ப்பாடம் படித்த ஒருவர், எளிதில் தீப்பிடிக்காதது என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? இங்கே அந்த 'இன்' உள்ளே என்ற பொருளில் வருகிறது. தீப்பற்றிக்கொள்வது என்றுதான் பொருள். இந்தக் குழப்பத்தில் உயிர் போய்விடக் கூடாது என்பதால்தான் வெளிநாடுகளில் இப்போது 'ஃப்ளேமபிள்' என்று மட்டும் எழுதுகிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே.

என் தொழிலில் ஒரு சொல் சாகும்வரை மறக்காது: 'டிஸ்இன்டரஸ்டட்'. என் கைக்கு வந்த ஒரு பழைய மொழிபெயர்ப்பில் 'அக்கறையற்ற நடுவர்' என்று இருந்தது. வழக்கில் அக்கறையில்லாத நடுவரிடம் யார் போவார்கள்? அங்கே 'இன்டரஸ்ட்' என்பது சொந்த லாபம். தனக்கு இதில் எந்த லாப நட்டமும் இல்லாத, அதனால் இரண்டு பக்கமும் சாயாத நடுவர். அது பெரிய பாராட்டு. அக்கறையில்லாதவரைச் சொல்ல 'அன்இன்டரஸ்டட்' என்று வேறொரு சொல் இருக்கிறது. 'சாங்ஷன்' இன்னும் மோசம். வங்கியில் கடனுக்கு சாங்ஷன் என்றால் ஒப்புதல். ஒரு நாட்டின் மேல் சாங்ஷன் என்றால் தண்டனைத் தடை. எது என்று பக்கத்தில் நிற்கிற சொல்தான் சொல்லும்.

மருதமலை மாணவி:

சித்த மருத்துவம் படிக்கிறேன், அதனால் ஒரு சின்னச் சேர்க்கை. கிரேக்க மருத்துவத்தில் உடம்பில் நான்கு நீர்மங்கள் என்றார்கள்: ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம். எது மிகுந்திருக்கிறதோ அதுவே குணம். ரத்தம் மிகுந்தவர் 'சாங்வின்', எதையும் நல்லதாகவே எதிர்பார்ப்பவர். மஞ்சள் பித்தம் என்றால் 'காலரிக்', சட்டென்று கோபப்படுபவர். கபம் என்றால் 'ஃப்ளெக்மாடிக்', இடி விழுந்தாலும் அசையாதவர். கரும்பித்தம் 'மெலன்காலி', சோகம். நமக்கு மூன்று, அவர்களுக்கு நான்கு. பித்தம் தலைக்கேறிவிட்டது என்று நாம் சொல்வதுபோல்தான் இதுவும். இந்த நான்கும் தேர்வுப் பட்டியல்களில் தனித்தனிப் பக்கத்தில் கிடக்கின்றன, சேர்த்துப் படித்தால் ஐந்து நிமிட வேலை.

தென்கரைப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. நோட்டரி அண்ணா சொன்ன எனர்வேட்டும் நாய்சமும் என் நோட்டில் இருக்கின்றன. நாய்சம் என்பதற்கு 'துர்நாற்றமுள்ள' என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறேன், ஆனாலும் மாதிரித் தேர்வில் சத்தம் என்று போட்டுவிட்டு வந்தேன். தெரிந்த சொல் அந்த நேரத்தில் ஏன் கை கொடுப்பதில்லை?

ஐந்து பெட்டி:

நீங்கள் படிப்பது கண்ணுக்குப் பழகுகிறது, நினைவுக்குப் போகவில்லை. நோட்டில் சொல்லும் பொருளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது மூளை எதையும் தேடுவதே இல்லை. தேர்வில் தேட வேண்டியிருக்கிறது.

ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் தன்னையே சோதனைக்கு வைத்துக்கொண்டு, பொருளில்லாத அசைகளை ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் புத்தகமாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது. ஒரே நாளில் அடுக்கிப் படிப்பதைவிட நாள் இடைவெளி விட்டுப் படித்தால் குறைந்த உழைப்பில் நிற்கிறது. இந்த இரண்டையும் அவரே கண்டுபிடித்துவிட்டார். உங்கள் பயிற்சி மையம் மறுநாள் கேட்கிறது, அதோடு விட்டுவிடுகிறது. அந்தச் சொல்லை ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து யாரும் கேட்பதில்லை. அதனால் போய்விடுகிறது. உங்கள் மூளையில் குறையில்லை.

நான் செய்தது இது. செருப்புப் பெட்டியில் அட்டை வெட்டி ஐந்து தடுப்புகள். ஒரு சொல்லுக்கு ஒரு சின்ன அட்டை. புதிய அட்டை முதல் தடுப்பில், அதைத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டாவதற்குப் போகும், அதை மூன்று நாளுக்கு ஒருமுறை. அடுத்தது வாரம் ஒருமுறை, அடுத்தது இரண்டு வாரம், கடைசி மாதம் ஒருமுறை. எந்தத் தடுப்பில் இருந்தாலும் தவறாகச் சொன்னால் நேராக முதல் தடுப்புக்குத் திரும்பிவிட வேண்டும். தெரிந்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்து நேரம் போகாது, தெரியாதது தப்பிக்கவும் முடியாது. 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் பரப்பிய முறை. கைபேசியில் வேண்டும் என்றால் ஆன்கி என்ற செயலி இதே வேலையைச் செய்கிறது, ஆண்ட்ராய்டில் காசில்லை. எனக்கு அட்டைதான் பிடித்தது. கையால் எழுதுகிறபோதே பாதி ஏறிவிடுகிறது.

அட்டையின் முன்பக்கம் வெறும் சொல்லை எழுதாதீர்கள். ஒரு சின்ன வாக்கியம் எழுதி, சொல் இருக்கிற இடத்தைக் காலியாக விடுங்கள். பின்பக்கம் சொல்லும், கரும்பலகை ஐயா சொன்ன வீட்டுத் தமிழும். தேர்விலும் அப்படித்தானே கேட்கிறார்கள்?

இரண்டாம் முயற்சி:

இது பரவாயில்லை. ஆனால் 1200 சொல்லுக்கும் வாக்கியம் எழுத எத்தனை நாள் ஆகும்? நான் இன்னும் பழைய வினாத்தாள் கட்சிதான்.

ஐந்து பெட்டி:

1200க்கும் வேண்டாம். மாதிரித் தேர்வில் தவறவிட்ட சொற்களுக்கு மட்டும். நாளைக்குப் பத்து அட்டை.

கரும்பலகை:

தம்பி நிகண்டைப் பற்றிச் சொன்னார், அதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. என் தாத்தா சூடாமணி நிகண்டு முழுதும் சொல்வார். ஆனால் அது இடது பக்கம் சொல், வலது பக்கம் பொருள் என்று இருக்கிற பட்டியல் கிடையாது. விருத்தப்பா. ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களை ஒரே பாட்டில் கோத்திருப்பார்கள். பதினோராம் தொகுதியில் ஒரு சொல்லுக்கு உரிய பல பொருள்கள், அதுவும் எதுகை வரிசையில். ஒரு சொல் வாயில் வந்தால் அதன் உறவுகள் எல்லாம் கூடவே வரும். அது மனப்பாடம்தான், ஆனால் கட்டுக்கோப்பான மனப்பாடம். நீங்கள் 'சைட்' வாலைக் கொண்டு நான்கையும் சேர்த்துப் பிடித்தால் அதுவும் ஒரு நிகண்டுதான்.

சொல்லின் பொருள் காலத்தோடு நகரும் என்பதையும் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லித்தர வேண்டியதில்லை, தமிழிலேயே தெரியும். நாற்றம் என்பது ஒரு காலத்தில் மணம். மொட்டுக்குள் இருக்கிற நாற்றம்போல் என்று குறள் 1274 காதலியின் சிரிப்பைச் சொல்கிறது. இன்று அந்தச் சொல்லைச் சொன்னால் மூக்கைப் பொத்துகிறோம். இதற்கு மொழியியலில் இழிபொருட்பேறு என்று பெயர். ஆங்கிலத்தில் 'இக்ரீஜியஸ்' அப்படிப்பட்டது. லத்தீனில் மந்தையிலிருந்து தனித்துத் தெரிகிற, அதாவது சிறந்த என்று பொருள். இன்று 'இக்ரீஜியஸ் எர்ரர்' என்றால் கண்ணைக் குத்துகிற பெரிய பிழை. 'சில்லி' ஒரு காலத்தில் பாக்கியம் பெற்றவர், இன்று அசடு. எதிர்ப்பக்கம், களிப்பு என்பது கள் குடித்து மயங்குவதாக இருந்து மகிழ்ச்சியாக உயர்ந்தது. 'நைஸ்' அப்படித்தான், அறியாமை என்ற லத்தீன் சொல்லிலிருந்து இன்று நல்லது என்று ஆகியிருக்கிறது.

ஆய்வகம் 3:

முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள். தேர்வு எழுதாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் வேறொரு பக்கம் சொல்கிறேன். எந்தச் சொல்லைப் படிப்பது என்பதிலேயே நான் இரண்டு வருடம் வீணாக்கினேன். அரிய சொற்களைத் தேடித் தேடிப் படித்தேன். 2017இல் சசி தரூர் ட்விட்டரில் 'ஃபராகோ' என்று எழுதியதும் நாடே அகராதியைப் புரட்டியது நினைவிருக்கும். கால்நடைக்குப் பலவற்றைக் கலந்து போடுகிற தீவனம்தான் அதன் மூலப்பொருள், அதனால் கண்டதையும் கலந்த கதம்பம். நல்ல சொல்தான். ஆனால் என் துறைக் கட்டுரைகளில் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

எனக்குக் கை கொடுத்தது நியூசிலாந்தைச் சேர்ந்த ஆவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட பட்டியல். பல துறைக் கல்வி நூல்களிலும் பொதுவாக, அடிக்கடி வருகிற 570 சொற்குடும்பங்கள். ஆர்பிட்ரரி, கோஹெரன்ட், இன்ஹெரன்ட், ஆம்பிகுவஸ் மாதிரிச் சொற்கள். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் இவை தெரியாமல் ஒரு பத்திகூட நகராது. இங்கேயும் ஒரு பொறி உண்டு. 'ரோபஸ்ட்' என்றால் வீட்டுத் தமிழில் திடகாத்திரமான. புள்ளியியலில் ஒரு முறையை ரோபஸ்ட் என்றால், தரவு கொஞ்சம் பிசகினாலும் முடிவு ஆட்டம் காணாதது. 'சிக்னிஃபிகன்ட்' என்றால் முக்கியமான என்று நினைத்து நான் எழுதிய ஒரு பத்தியை வழிகாட்டி முழுக்க அடித்துவிட்டார். அங்கே அதன் பொருள், கிடைத்த வேறுபாட்டை வெறும் தற்செயல் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது என்பது. அது மிகச் சிறிய, யாருக்கும் பயன்படாத வேறுபாடாகக்கூட இருக்கலாம்.

தென்கரைத் தோழி, ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கு மட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் பன்னிரண்டு வரை தமிழ்வழி.

நோட்டரி வாசல்:

அகராதி பற்றி யாரும் சொல்லவில்லை. ஆங்கிலத்துக்கு ஆங்கிலம் அகராதி என்றால் பயப்படாதீர்கள். கற்பவர்களுக்கென்று எழுதியவை வேறு. லாங்மன் அகராதி 1978இல் வந்தபோதே விளக்கங்களைச் சுமார் 2000 எளிய சொற்களுக்குள் எழுதியது. ஆக்ஸ்ஃபோர்டின் கற்பவர் அகராதியை உருவாக்கிய ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் நடத்தியவர், அது முதலில் 1942இல் ஜப்பானில்தான் வந்தது. அயல்மொழிக்காரருக்கு எங்கே இடறும் என்று தெரிந்து எழுதியது. எந்தச் சொல் எதோடு சேரும் என்பதை எடுத்துக்காட்டில் காட்டிவிடும்.

தமிழ்ப் பக்கத்துக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் விளக்கம், ஆங்கிலப் பொருள், எடுத்துக்காட்டு வாக்கியம் மூன்றும் உண்டு. வீட்டுச் சொல்லில் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போக அதுபோல் எனக்கு வேறொன்று கிடைக்கவில்லை. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

தென்கரைப் பெண்: (மூன்று வாரம் கழித்து)

மன்னிக்கவும், படிப்பில் இருந்ததால் இந்தப் பக்கம் வர முடியவில்லை. செருப்புப் பெட்டி தயார். 174 அட்டை. கிளை நூலகத்தில் க்ரியா அகராதி இருந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். போன மாதிரித் தேர்வில் 25க்கு 17 சரி. முன்பு 11ஐத் தாண்டியதில்லை. இரண்டாம் முயற்சி அண்ணா சொன்னபடி பழைய வினாத்தாள் சொற்களைத்தான் அட்டையில் எழுதுகிறேன், அதற்கும் நன்றி.

ஐயா, என் அட்டைகளில் சிலவற்றைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

புரோகிராஸ்டினேட்: நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுவது. லத்தீனில் 'கிராஸ்' என்றாலே நாளை என்று படித்தேன், அதையும் எழுதிக்கொண்டேன்.
ஆஸ்டென்டேஷியஸ்: ஊர் பார்க்கச் செய்கிற படாடோபம்.
கல்லிபிள்: யார் எதைச் சொன்னாலும் நம்புகிற ஏமாளி.
குவெருலஸ்: சிணுங்குகிற. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை வைத்து வாக்கியம் எழுதியிருக்கிறேன்.

கரும்பலகை:

முதல் மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. நான்காவதை மாற்ற வேண்டும். கைக்குழந்தைக்குக் குவெருலஸ் பொருந்தாது. பல் முளைக்கிற குழந்தை சிணுங்கினால் 'ஃப்ரெட்ஃபுல்'. குவெருலஸ் என்பது குறை சொல்லியே பேசுகிற குரல். காபி ஆறிப்போச்சு, ஃபேன் காற்று வரவில்லை, என்னை யாரும் கேட்பதில்லை என்று நாள் முழுக்கப் புலம்புகிறவர் இருப்பாரே, அவர். இரண்டு அட்டையாக எழுதிவிடுங்கள்.

தென்கரைப் பெண்:

எழுதிவிட்டேன் ஐயா. இரண்டும் முதல் தடுப்பில். குவெருலஸ் என்பதற்கு எதிரே 'நொணநொணப்பு' என்று போட்டேன், சரியா?

கரும்பலகை:

மிகச் சரி.